பதில்: ‘ஸ்டோரேஜ் சார்ஜ்’ – ‘சேமிப்பு’ வேண்டாம், ‘கிடப்பு’ என்று வைப்போம்

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

லித்தியம் பாலிமர் பேட்டரிக் கையேட்டுக்கான சொற்பட்டியலில் ‘ஸ்டோரேஜ் சார்ஜ்’ என்பதற்கு, அதாவது சில நாள் ஓட்டாமல் வைக்கும் முன் பேட்டரியைக் கொண்டுவர வேண்டிய அளவுக்கு, ‘சேமிப்பு மின்னேற்றம்’ என்று போட்டிருக்கிறோம். அதை மாற்ற வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல். வேறு சில சொற்களைப் பற்றியும் சொல்ல இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

கையேட்டின் முதல் வரைவை, புதிதாக ஆர்.சி. கார் (ரிமோட்டில் ஓடும் பொம்மைக் கார்) ஓட்டத் தொடங்கிய ஒரு பையனிடம் படிக்கக் கொடுத்திருந்தேன். இரண்டு மாதம் கழித்துத் தன் பேட்டரியை எடுத்துக்கொண்டு வந்தான். மூன்று கலம் (செல்) கொண்ட 2200 மில்லியாம்பியர்-மணி பேட்டரி. தட்டையாக இருக்க வேண்டியது நடுவில் மேடாகி, மேசையில் வைத்தால் ஆடியது. மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை விறைத்து, ஓரத்தில் ஒட்டுவிட்டிருந்தது. கலம் கலமாக அளந்து பார்த்தோம். இரண்டு கலங்கள் 4.15 வோல்ட்டை ஒட்டி இருந்தன, மூன்றாவது 3.9-க்கு வந்திருந்தது. “பரீட்சை முடியும் வரை ஓட்ட முடியாது, அதனால் நீங்கள் எழுதியிருந்தபடி முழுசாக ஏற்றிச் சேமித்து வைத்தேன்” என்றான். வைத்த இடம் வெயில் படும் அலமாரி.

அவன் மேல் தவறில்லை. சேமிப்பது என்றால் தமிழில் சேர்த்து வைப்பது, கூடக் கூட நல்லது. பாதி நிறைந்ததும் உண்டியலில் காசு போடுவதை யாரும் நிறுத்துவதில்லை. ‘சேமிப்பு மின்னேற்றம்’ என்று படித்தவன் நிரப்பத்தான் செய்வான். பக்கத்திலேயே சரியான எண்ணைக் கொடுத்திருந்தோம், ஆனால் எண்ணைப் பார்க்கும் முன்பே சொல் அவனுக்குப் பொருள் சொல்லிவிட்டது.

நாம் சொல்ல வந்தது இதற்கு நேர் எதிரானது. முழுதாக ஏற்றிய கலம் 4.20 வோல்ட்டில் நிற்கும். சில நாள் ஓட்டப் போவதில்லை என்றால் 3.80 முதல் 3.85 வோல்ட்டுக்குள் வைக்க வேண்டும். முழு ஏற்றத்தில் நாள்கணக்காகக் கிடந்தால் நேர்முனைப் பக்கம் மின்பகுளி மெல்லச் சிதைந்து வாயுவாகிறது. வெப்பம் கூடினால் அது இன்னும் வேகமாக நடக்கும். அந்த வாயுதான் உறையை மேடாக்குகிறது. காலியாகப் போட்டு வைப்பதும் கெடுதல்தான். கலம் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். 3 வோல்ட்டுக்குக் கீழே வெகுதூரம் போய்விட்டால் உள்ளே இருக்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கும். பிறகு ஏற்றும்போது அந்தச் செம்பு வேண்டாத இடத்தில் படிந்து குறுக்குச்சுற்று உண்டாகலாம். இந்த இரண்டு கேட்டுக்கும் எட்டாத நடு இடத்துக்குத்தான் பெயர் தேடுகிறோம்.

‘மின்னேற்றம்’ என்ற பின்பாதியும் பொருந்தவில்லை. முழுதாக ஏற்றிய பேட்டரியைச் சார்ஜரில் மாட்டி ‘ஸ்டோரேஜ்’ பொத்தானை அழுத்தினால், சார்ஜர் மின்னை இறக்கும். ஏற்றுவதும் இறக்குவதும் சேர்ந்த வேலை அது. அதனால் செயலை விட்டுவிட்டு நிலைக்குப் பெயர் வைப்பதே சரி என்று படுகிறது.

என் பரிந்துரை ‘கிடப்பு நிலை’. அந்த வோல்ட்டுக்குக் ‘கிடப்பு மின்னழுத்தம்’. “கிடப்பு நிலைக்கு இறக்கு”, “கிடப்பிலிருந்து எடுத்து ஏற்று” என்று வினையோடு இயல்பாகச் சேர்கிறது. சார்ஜரின் சிறிய திரையிலும் அடங்கும். முக்கியமாக, நிரப்பு என்றோ காலியாக்கு என்றோ அது எதையும் சொல்வதில்லை. மாற்றி எழுதிய பக்கத்தை அதே பையனிடம் கொடுத்தேன். படித்ததும் “கிடப்புன்னா எத்தனை வோல்ட்?” என்று கேட்டான். சென்ற முறை இந்தக் கேள்வி அவனுக்குத் தோன்றவே இல்லை.

குழுவில் முன்பு வந்த ‘இருப்பு’, ‘ஓய்வு’ இரண்டையும் யோசித்துப் பார்த்தேன். இருப்பு என்பது இப்போது எவ்வளவு மீதி என்பதற்கு வேண்டும். “பேட்டரி இருப்பு 40 விழுக்காடு” என்று எழுதிப் பழகிவிட்டோம். ஓய்வை வேறொன்றுக்கு வைத்துக்கொள்ள ஆசை. ஓடும்போது 3.5 காட்டிய கலம், வண்டியை நிறுத்திச் சில நிமிடம் விட்டால் 3.7-க்கு ஏறி நிற்கும். மோட்டார் மின்னை இழுக்காதபோது காட்டும் அந்த அளவுதான் உண்மையான ஓய்வு மின்னழுத்தம்.

‘கிடப்பில் போடுவது’ என்றால் மறந்துவிடுவது என்ற பொருளும் வருமே என்று அம்மையார் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி, எனக்கும் அந்தக் கவலை உண்டு. அதனால் ‘போடு’ என்ற வினையை விட்டு, எல்லா இடத்திலும் ‘வை’ என்றே எழுதுவோம். சொல் முதலில் வரும் இடத்திலேயே, மாதம் ஒருமுறை ஒவ்வொரு கலத்தையும் அளந்து பார்க்கவும் என்று சேர்த்துவிடலாம். வெயில் படாத இடம், தீப்பற்றாத பெட்டி என்பதையும் அங்கேயே சொல்ல வேண்டும். பெட்டியின் மூடி காற்றுப் புகாமல் இறுக்கமாக இருக்கக் கூடாது. ஏதாவது ஆனால் வாயு வெளியேற வழி வேண்டும், இல்லையென்றால் பெட்டியே வெடித்துவிடும்.

அடுத்து ‘பேலன்ஸ் சார்ஜ்’. ‘சமநிலை மின்னேற்றம்’ என்பதற்குப் பதில் ‘நிரவல் மின்னேற்றம்’ என்று கேட்கிறேன். மூன்று கலப் பேட்டரியின் சிறிய வெள்ளைச் செருகியில் நான்கு மெல்லிய கம்பிகள் இருக்கும். அவற்றின் வழியாகச் சார்ஜர் ஒவ்வொரு கலத்தையும் தனித்தனியாகப் பார்க்கிறது. ஒன்று முந்திக்கொண்டால் அதிலிருந்து மட்டும் ஒரு சிறு மின்தடை வழியாகக் கொஞ்சம் வடித்து, மற்றவை வந்து சேரும் வரை பிடித்து வைக்கிறது. திரையில் 4.20, 4.18, 4.11 என்று இருந்த எண்கள் மெல்ல ஒன்றையொன்று நெருங்குவதைப் பார்த்தவர்களுக்கு நிலம் நிரவுவதுதான் நினைவுக்கு வரும். மேட்டு மண் பள்ளத்துக்குப் போவதில்லை, வெப்பமாகப் போய்விடுகிறது என்பது மட்டும் வேறுபாடு. இதைச் செய்யாவிட்டால் மொத்தம் 12.6 வோல்ட் என்று சரியாகவே காட்டும், ஆனால் உள்ளே ஒரு கலம் 4.30-லும் மற்ற இரண்டும் 4.15-லும் இருக்கக்கூடும். அந்த 4.30-தான் ஆபத்து.

‘வீக்கம்’ வேண்டாம், ‘உப்பல்’ போதும். எல்லோரும் பேட்டரி உப்பிவிட்டது என்றுதான் சொல்கிறார்கள். ‘உப்பிய பேட்டரியை ஏற்றாதே, குத்தாதே, அழுத்தாதே’ என்று எழுதினால் யாருக்கும் புரியும். ஏற்றும், இறக்கும் வேகத்தைக் குறிக்கும் ‘சி’ அளவை அப்படியே விடலாம். 2200 பேட்டரிக்கு 1 சி என்பது 2.2 ஆம்பியர், இதற்குத் தமிழ் எழுத்து தேடினால் சார்ஜரைப் பார்ப்பவர் குழம்புவார். பேட்டரி பேட்டரியாகவே இருக்கட்டும், உள்ளிருக்கும் ஒவ்வொன்றும் கலம்.

கடைசியாக ‘தெர்மல் ரன்அவே’. பட்டியலில் இருக்கும் ‘வெப்ப ஓட்டம்’ கண்டிப்பாக மாற வேண்டும். அது ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு வெப்பம் கடப்பதைச் சொல்வது போல இருக்கிறது. நடப்பது வேறு. சூடு கூடினால் உள்ளே வேதிவினை தொடங்குகிறது, அந்த வினை மேலும் சூட்டைத் தருகிறது, அது அடுத்த வினையைக் கிளப்புகிறது. சார்ஜரை அணைத்தாலும், கம்பியைப் பிடுங்கினாலும் நிற்காது. நம் மொழியில் இதற்குத் தறிகெட்டுப் போவது என்ற பேச்சு இருக்கிறதே! ‘வெப்பத் தறிகேடு’ என்று வைக்கலாம். ஏற்றும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், தீப்பற்றாத தரையில் வைக்க வேண்டும், கலங்களின் எண்ணிக்கையைச் சரிபார்த்த பிறகே தொடங்க வேண்டும் என்று நாம் எழுதும் எல்லாமே இந்த ஒன்றுக்காகத்தான். அதனால் சொல்லில் கொஞ்சம் அச்சம் இருக்கட்டும்.

கையேட்டுப் பக்கத்துக்கு என் வரி இது: ‘மூன்று கலப் பேட்டரியைக் கிடப்பில் வைக்கும் முன், மொத்தம் 11.4 முதல் 11.55 வோல்ட்டுக்குள் கொண்டுவரவும். ஒவ்வொரு கலமும் 3.80 முதல் 3.85-க்குள் இருக்கிறதா என்று பார்க்கவும்.’ ‘கிடப்பு’ பிடிக்காதவர்கள் வேறு சொல்லைத் தாராளமாகச் சொல்லுங்கள். அதை இந்த வரியில் பொருத்தி, பேட்டரி பழக்கமில்லாத ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, அவர் என்ன புரிந்துகொண்டார் என்பதையும் சேர்த்து எழுதினால் நன்றாக இருக்கும்.