பின்னணி ஒளி உபரி: ஆக்சியான் நிறை எனக்கு 4 வருது, ஆய்வில் 8–20 ஏன்?

வெற்றிடம்_42:
நியூ ஹொரைசன்ஸ் விண்கலத்தின் லோரி கேமரா வானத்தின் பின்னணியில், விண்மீன் மண்டலங்களின் ஒளிக்கும் மேலாக 2022-ல் காட்டிய உபரி ஒளியை (சதுரமீட்டர், ஸ்டெரேடியனுக்கு 8 நானோவாட்) ஆக்சியான் (கரும்பொருளாக இருக்கலாம் எனக் கருதப்படும் துகள்) சிதைவோடு பொருத்திப் பார்க்கிறேன். ஓர் ஆக்சியான் சிதைந்தால் இரண்டு ஃபோட்டான், ஆளுக்குப் பாதி ஆற்றல். லோரி பட்டையின் மைய அலைநீளம் 608 நானோமீட்டர், அதாவது 2.04 எலக்ட்ரான் வோல்ட். அப்போ ஆக்சியான் நிறை 4.08 எலக்ட்ரான் வோல்ட்தானே? இதே உபரியை ஆக்சியானால் விளக்கிய பெர்னால் குழுவின் ஆய்வு 8 முதல் 20 வரை என்கிறது. எங்கே இடிக்குது? இணைப்பெண்ணை (ஆக்சியான் ஒளியோடு எவ்வளவு வலுவாகப் பிணைகிறது என்ற எண்) 4×10⁻¹¹ (ஒரு ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு) என்று வைத்தால் 8 நானோவாட் தேறுமா?

செம்பெயர்ச்சி:
உங்கள் 4.08 இங்கேயே, இப்போதே சிதைவதற்கான கணக்கு. பின்னணி ஒளியில் பெரும்பங்கு தொலைவிலிருந்து வருவதால் அலைநீளம் வழியில் நீண்டுவிடும். நிறை 10 என்றால் புறப்படும்போது 248 நானோமீட்டர். 608 ஆக வந்து சேர செம்பெயர்ச்சி (பிரபஞ்ச விரிவால் அலைநீளம் நீளும் அளவு) 1.45 வேணும். நிறை 20-க்கு 3.9.

கீழ்எல்லை 8-ல் நிற்பதற்குக் காரணம் வேற. ஏபெல் 2667, 2390 விண்மீன் மண்டலக் கொத்துகளில் விமோஸ் நிறமாலைக் கருவி 4.5–7.7 நிறைக்கான சிதைவுக் கோட்டைத் தேடிக் காணவில்லை. அதற்குக் கீழே, சுமார் 2.7–5.3 வரை, லியோ டி என்ற குறு விண்மீன் மண்டலத்தை வைத்து மியூஸ் நிறமாலைக் கருவி அடைத்துவிட்டது.

பிரகாசம் இப்படிப் போடுங்க. சிதைவு வீதம் = இணைப்பெண்ணின் வர்க்கம் × நிறையின் கனம் ÷ 64பை. நிறை 10, இணைப்பெண் 4×10⁻¹¹ என்றால் ஆயுள் சுமார் 8×10²² வினாடி. சிதைவு வீதத்தை (1 ÷ ஆயுள்) கரும்பொருளின் இன்றைய ஆற்றல் அடர்த்தியோடு (கனமீட்டருக்கு 2×10⁻¹⁰ ஜூல்) பெருக்கி, ஒளிவேகம் ÷ 4பை-யால் பெருக்குங்க. பிறகு அந்தச் செம்பெயர்ச்சியில் உள்ள ஹபிள் வீதத்தாலும் (பிரபஞ்சம் விரியும் வீதம்) 2.45-ஆலும் (1 + செம்பெயர்ச்சி) வகுங்க. சதுரமீட்டர், ஸ்டெரேடியனுக்கு 4.7 நானோவாட் கிடைக்கும். 8-க்கு இணைப்பெண்ணை 5.2×10⁻¹¹ ஆக்கணும். பலரும் சறுக்கும் இடம்: இன்றைய ஹபிள் வீதத்தையே போட்டுவிடுவாங்க. 1.45-ல் அது 2.3 மடங்கு, விடை அத்தனை மடங்கு வீங்கும்.

தூசுப்படலம்:
கணக்கு சரி, ஆனா பொருத்தும் எண்ணே பழசு. 2022-ல் மொத்தம் 16.37 நானோவாட், உபரி 8.06±1.92. 2024-ல் போஸ்ட்மேன் குழு 57 வானியல் அலகு தொலைவில் எடுத்த 16 புலங்களில் மொத்தம் 11.16±1.65, விண்மீன் மண்டலங்களின் பங்கு 8.17±1.18. மிச்சம் 2.99±2.03, பிழை அளவைப்போல் ஒன்றரை மடங்கு (ஒன்றரை சிக்மா)தான். அதை உபரி என்று சொல்லவே எனக்கு வாய் வரலை.

மாறியதில் முக்கியமானது தூசுத் திருத்தம். நம் மண்டலத்துத் தூசு விண்மீன் ஒளியைச் சிதறடிக்கும். அதன் அளவை அகச்சிவப்பு வரைபடத்திலிருந்து ஊகிக்கணும். முன்பு 100 மைக்ரான் வரைபடம். அதில் சூரியக் குடும்பத் தூசின் வெப்ப ஒளியும் கலந்திருக்கும். இப்போ பிளாங்க் கலத்தின் 350, 550 மைக்ரான். அங்கே அந்தக் கலப்படம் ரொம்பக் குறைவு. தூசு மிகுந்த புலங்களையும் லோரியாலேயே படமெடுத்து, அகச்சிவப்புக்கும் சிதறொளிக்கும் உள்ள விகிதத்தை நேரடியா அளந்தாங்க.

நாசாவின் கோள் தரவுக் களஞ்சியத்திலிருந்து படங்களை எடுத்து நீங்களே அளப்பதானால், கேமரா இயங்கத் தொடங்கிய முதல் சில நிமிடப் படங்களை ஒதுக்குங்க, பின்னணி அப்போது இறங்கிக்கொண்டிருக்கும். சூரியனிலிருந்து 90 பாகைக்கு மேல் விலகிய புலங்களே ஆகும். சட்டகத்துக்கு வெளியே உள்ள பிரகாசமான விண்மீன்களின் சிதறலையும் கழிக்கணும்.

வெற்றிடம்_42:
அப்போ ஆக்சியான் அவுட்டா?

செம்பெயர்ச்சி:
இந்த எண்ணை மட்டும் வைத்து அவுட் ஆகாது. இரண்டு சிக்மா மேல்எல்லை 7 நானோவாட். நிறை 10-க்கு இணைப்பெண் 4.9×10⁻¹¹ வரை இன்னும் இடமிருக்கு. கிடுக்கிப்பிடி வேறிடத்தில். கரும்பொருள் திரண்டு கிடப்பதால் அதன் ஒளியும் திட்டுத்திட்டாகத் தெரியணும். ஹபிள் அளந்த ஏற்ற இறக்கங்கள் அதற்கு அதிகம் விட்டுக்கொடுக்கவில்லை. பிளேசார்களின் (நம்மை நோக்கிக் கதிர் பீய்ச்சும் மண்டல மையங்கள்) டெரா எலக்ட்ரான் வோல்ட் காமா கதிர்கள் பின்னணி ஃபோட்டானில் மோதி எலக்ட்ரான்-பாசிட்ரான் இணையாகும் அளவை ஹெஸ், மேஜிக் தொலைநோக்கிகளும் அளந்திருக்கு. அந்த எண்கள் விண்மீன் மண்டலக் கணக்கை ஒட்டியே வருது.