சன்னல் படத் தொடர்: வெளியே வெள்ளை, உள்ளே இருட்டு, கம்பி நிழல் மங்கல். உதவுங்கள்

பட்டாலைப்பையன்:
வணக்கம். காரைக்குடிப் பக்கம் எங்கள் ஆயா வீட்டுச் சன்னல்களை மட்டும் வைத்து ஒரு படத் தொடர் எடுக்கிறேன். பத்துப் பன்னிரண்டு படம் தேறினால் போதும். ஏபிஎஸ்-சி மிரர்லெஸ் கேமரா, 35 எம்எம் எஃப் 1.8 லென்ஸ்.

மூன்று இடத்தில் மாட்டிக்கொண்டேன். ஆயா சன்னலோரம் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்கிறார்கள். முகத்துக்கு எக்ஸ்போஷர் (கேமராவுக்குள் விடும் வெளிச்ச அளவு) வைத்தால் சன்னல் முழுக்க வெள்ளை. சன்னலுக்கு வைத்தால் ஆயா கறுப்பாகிவிடுகிறார்கள். போனில் எச்டிஆர் (வெவ்வேறு வெளிச்சத்தில் எடுத்த படங்களை ஒன்றாக்கும் வசதி) போட்டுப் பார்த்தேன், முகம் பழைய காலண்டர் படம் மாதிரி வருகிறது.

இரண்டாவது, காலை வெயிலில் கம்பி நிழல் தரையில் விழுகிறது. கீழ்க்கம்பிகளின் நிழல் கத்திபோல் இருக்கிறது, மேல்க்கம்பிகளின் நிழல் கரைந்து போகிறது. லென்ஸ் துவாரத்தைச் சுருக்கி எஃப் 8 வைத்தும் அப்படித்தான். லென்ஸ் கோளாறா?

மூன்றாவது, தெருவிலிருந்து எடுத்தால் கண்ணாடியில் நானே தெரிகிறேன். பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் வடிகட்டி வாங்கி லென்ஸில் மாட்டி எவ்வளவு திருகியும் மாற்றமே இல்லை.

ரா_கோப்பு:
எல்லாவற்றையும் கணினியில் சரிசெய்து கொள்ளலாம் தம்பி. ரா-வில் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பாக) எடுங்கள், அவ்வளவுதான்.

வெயில்மானி:
ரா-வில் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் வெள்ளையாகவே பதிவான இடத்திலிருந்து எந்த மென்பொருளும் எதையும் மீட்காது.

முதலில் நிழல். லென்ஸை விட்டுவிடுங்கள், அது நன்றாகத்தான் இருக்கிறது. சூரியன் வானத்தில் ஒரு புள்ளி இல்லை, சுமார் அரை டிகிரி அகலம் உள்ள வட்டம். அதனால் கம்பியிலிருந்து தரைக்கு ஒளி எவ்வளவு தூரம் வருகிறதோ, அதில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குக்கு நிழலின் ஓரம் மங்கும். இரண்டு மீட்டர் என்றால் கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர். உங்கள் வீட்டுக் கம்பி அதைவிட மெலிசாகத்தான் இருக்கும், எனவே மேல்க்கம்பிக்கு முழுக்கறுப்பு நிழலே கிடையாது. காலையில் வெயில் சாய்ந்து வருவதால் தூரம் இன்னும் கூடும். கூர்மை வேண்டுமா, நிழல் விழும் பொருளைக் கம்பிக்கு அருகில் கொண்டுபோங்கள். சன்னல் திண்டிலேயே ஒரு வெள்ளைத் துண்டையோ முறத்தையோ வைத்துப் பாருங்கள். எனக்கென்னவோ அந்த மங்கலை அப்படியே விடலாம் என்று படுகிறது. கீழே கூர்மை, மேலே கரைசல் என்பது ஒரே படத்துக்குள் நல்ல விஷயம்.

போலரைசர் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு நேர் எதிரே நிற்கிறீர்களா?

பட்டாலைப்பையன்:
ஆமாம் அண்ணே, நேராகத்தான். சட்டம் கோணாமல் வர வேண்டுமே.

வெயில்மானி:
அதுதான் காரணம். நேர் எதிரே நின்றால் பிரதிபலிப்பு துருவப்படுவதில்லை (ஒளி அலைகள் ஒரே திசையில் அதிர்வதில்லை), போலரைசருக்கு வடிகட்ட எதுவும் இருக்காது. கண்ணாடிப் பரப்போடு சுமார் 35 டிகிரி கோணத்தில் பக்கவாட்டில் நின்று திருகுங்கள், சட்டென்று உள்ளே தெரியும். ஒன்றரை ஸ்டாப், இரண்டு ஸ்டாப் வெளிச்சம் போகும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது), அது பரவாயில்லை. நேராகத்தான் வேண்டும் என்றால் கறுப்புத் துணியைக் கேமராவுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் யாரையாவது பிடிக்கச் சொல்லி, லென்ஸுக்கு மட்டும் துளை விட்டு எடுங்கள். தெருவில் போகிறவர்கள் விசாரிப்பார்கள், அதற்குத் தயாராக இருங்கள்.

கீழ்க்கதவு:
முக எக்ஸ்போஷர் பற்றி நான் சொல்கிறேன். உச்சி வெயிலில் வெளியே ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100, எஃப் 8-க்கு 1/400 நொடி போதும். அறைக்குள் அதே அமைப்பில் 1/4 நொடி கேட்கலாம். கிட்டத்தட்ட ஏழு ஸ்டாப் வித்தியாசம். ஒரே கிளிக்கில் அதை அடக்கி முகத்தையும் நன்றாகக் காட்டுவது கஷ்டம். வித்தியாசத்தைக் குறைப்பதுதான் வழி.

பழைய சன்னல்களில் மேல்க்கதவு, கீழ்க்கதவு தனித்தனி இருக்கும் இல்லையா? மேல்க்கதவைச் சாத்துங்கள். வானம் மறையும், வெள்ளை பாதியாகும். அப்புறம் எதிரே வளவுப் பக்கக் கதவைத் திறந்து வையுங்கள். முற்றத்து வெளிச்சம் ஆயா முகத்துக்கு வரும். அதுவும் போதாது என்றால் ஒரு வெள்ளை வேட்டியைக் கொடியில் போட்டு முகத்துக்கு எதிரே தொங்கவிடுங்கள். ஃபிளாஷைத் தொட வேண்டாம், கீரை மினுங்கும்.

இன்னொன்று, அந்தி. சூரியன் மறைந்து பதினைந்து இருபது நிமிடத்தில் வெளியும் உள்ளே எரியும் பல்பும் ஒரே அளவுக்கு வரும். நீல வானம், மஞ்சள் அறை. ட்ரைபாட் அவசியம்.

பட்டாலைப்பையன்:
அண்ணே, எல்லாப் படமும் ஒரே மாதிரி ஆகிவிடுமோ என்று ஒரு பயம் இருக்கிறது.

வெயில்மானி:
செக் நாட்டு ஜோசஃப் சூடெக் பிராகாவில் தன் ஸ்டுடியோ சன்னலை 1940 முதல் 1954 வரை எடுத்துக்கொண்டே இருந்தார். முதல் உலகப்போரில் வலது கையை இழந்தவர், பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டுதான் வேலை செய்தார். பனி, ஈரம், மழைத்துளி, கண்ணாடிக்கு அப்பால் முறுக்கிய ஒரு மரம் என்று ஒரே சன்னல் அவருக்குத் தீரவே இல்லை. நீங்கள் சன்னலை மாற்றிக்கொண்டே போகாதீர்கள். ஒன்றைப் பிடித்து நேரத்தை மாற்றுங்கள், பக்கத்தை மாற்றுங்கள். உள்ளே நின்று வெளியே பார்க்கும் படமும், வெளியே நின்று உள்ளே எட்டிப் பார்க்கும் படமும் ஒரே விஷயத்தைச் சொல்வதில்லை.

பட்டாலைப்பையன்:
இன்று மேல்க்கதவைச் சாத்திவிட்டு எடுத்தேன், முகம் வந்துவிட்டது! ஆனால் சன்னலுக்கு மேலே பச்சைக் கண்ணாடி இருக்கிறது. சுவரில் விழுந்த பச்சை வெளிச்சம் படத்தில் சாம்பலாகவும், மற்ற இடமெல்லாம் இளஞ்சிவப்பாகவும் தெரிகிறது.

கீழ்க்கதவு:
ஒயிட் பேலன்ஸ் (வெளிச்சத்தின் நிறத்துக்கு ஏற்ப வண்ணத்தைச் சரிசெய்யும் அமைப்பு) ஆட்டோவில் இருக்கிறது. பச்சை அதிகம் என்று நினைத்து கேமராவே சமன் செய்கிறது. பகல் வெளிச்சத்துக்கு, அதாவது 5500 கெல்வினுக்கு மாற்றி, ஆயாவைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லுங்கள். பச்சை சுவரோடு நிற்கட்டும், முகத்தில் வேண்டாம்.