மேக்ரோ இல்லாமலே வைரஸ் ஏற்றும் வேர்டு ஃபைல்: எல்லையோரக் கடைகளில் பார்த்தவை

செங்கோட்டை:
புளியரை வரைக்கும் டிடிபி கடைகளில் ஆபிஸ் 2007, 2010 இன்னும் ஓடுகிறது. டியூஷன் சென்டர்களின் கணக்கு வினாத்தாள் முழுக்கப் பழைய ஈக்வேஷன் எடிட்டரில் அடித்தது. அப்டேட் போட்டால் அந்த எடிட்டர் போய்விடும் என்று அப்டேட்டையே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஓட்டை அங்கேதான். ஈக்யூஎன்ஈடிடி32 என்ற அந்த எடிட்டரின் எக்ஸி 2000 நவம்பரில் கம்பைல் ஆனது. ஃபைலில் இருக்கும் ஃபான்ட் பெயரை நீளம் பார்க்காமல் ஸ்டாக் என்ற தற்காலிக மெமரியில் எழுதும். பெயர் நீண்டால், அடுத்து எங்கே திரும்ப வேண்டும் என்று அங்கே இருக்கும் ரிட்டர்ன் அட்ரஸ் அழிந்து, ஃபைலைத் தயாரித்தவன் குறித்த இடத்துக்கு ஓட்டம் தாவும். இப்படித் தாவுவதைத் தடுக்கும் ஏஎஸ்எல்ஆர், டெப் என்ற மெமரிக் காவல் எதுவும் அதற்குக் கிடையாது. இந்த ஓட்டையின் பதிவு எண் சிவிஇ-2017-11882. ஃபைலுக்குள் ஓடும் சிறு நிரலான மேக்ரோவை அணைத்துவிட்டோம் என்று யாரும் நிம்மதியாக இருக்க வேண்டாம்.

வாளையார்:
செங்கோட்டை அண்ணன் சொன்னதோடு இதையும் பாருங்கள். லாரி புக்கிங் ஆபிஸ்களுக்கு 'பர்ச்சேஸ் ஆர்டர்' என்று வரும் டாக் ஃபைலை நோட்பேடில் திறந்தால் பல நேரம் ஆர்டிஎஃப் என்றுதான் தொடங்கும். உள்ளே 'ஆப்ஜ்அப்டேட்' என்ற கட்டளை இருந்தால் திறந்ததுமே ஆப்ஜெக்ட் ஏறிவிடும், ஒரு கிளிக் கூடத் தேவையில்லை. பிராசஸ் பட்டியலில் எடிட்டரை வேர்டுக்குக் கீழே தேடாதீர்கள். அதை எழுப்புவது விண்டோஸின் எஸ்விசிஹோஸ்ட் என்ற பிராசஸ்.

மெயிலில் இறக்கிய ஃபைலை ஆபிஸ் 2010 புரொடெக்டட் வியூவில், அதாவது திருத்த முடியாத பாதுகாப்பு நிலையில் திறக்கும். 2007-இல் அந்த வசதியே இல்லை. அதே ஃபைல் பென்டிரைவில் வந்தால்? இணையத்திலிருந்து வந்தது என்ற அடையாளம் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்த டிஸ்கில்தான் நிற்கும். எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவுக்குப் போனதும் உதிர்ந்துவிடும், பிறகு நேராக எடிட்டிங்கில் திறக்கும். நம் ஊர்க் கடைகளுக்குப் பாதி வேலை பென்டிரைவில்தானே வருகிறது.

கம்பம்:
2018 ஜனவரி அப்டேட் போட்டால் எடிட்டரே நீங்கிவிடும். போட முடியாத சிஸ்டத்தில் விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் பூட்டுங்கள். லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், ஆபிஸ், காமன், காம் கம்பேட்டிபிலிட்டி வரை போய், 0002சிஈ02 என்று தொடங்கும் எடிட்டரின் கிளாஸ் ஐடி (அடையாள எண்) பெயரில் கீ உருவாக்கி, 'கம்பேட்டிபிலிட்டி ஃபிளாக்ஸ்' என்ற டிவேர்டு மதிப்பில் ஹெக்ஸ் 400 என்று போடுங்கள். டெசிமலில் 400 அடித்தால் பூட்டு விழாது. 64 பிட் விண்டோஸில் 32 பிட் ஆபிஸ் என்றால் வாவ்6432நோட் கீழேயும் இதே கீ வேண்டும்.

பூட்டிய பிறகும் பழைய வினாத்தாளில் கணக்கு தெரியும், அச்சாகும், திருத்தத்தான் முடியாது. திருத்த லிப்ரே ஆபிஸ் போதும். டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லோட்/சேவ், மைக்ரோசாஃப்ட் ஆபிஸ் போய் மேத்டைப் வரியில் 'எல்' கட்டத்தை டிக் செய்துவிட்டுத் திறந்தால் ஒவ்வொரு கணக்கும் மேத் ஆப்ஜெக்டாக மாறும். வர்க்கமூலக் குறியும் மேட்ரிக்ஸும் சரியாக வந்தனவா என்று மூலத்தோடு ஒப்பிட்டுவிட்டு அச்சுக்குக் கொடுங்கள்.