தோட்டத்துச் சமாதி, ஊர் மயானம்: உங்கள் பக்கம் எப்படி?

வடகரையான்:
சென்னிமலைக்கு மேற்கே, கொடுமணலுக்குப் பக்கத்தில் எங்கள் அப்பிச்சி (அம்மாவின் அப்பா) தோட்டம். நொய்யலுக்கு வடகரை. மேட்டுக்காட்டில் ஒரு இடத்தில் பெரிய பெரிய கற்களை வட்டமாகப் போட்டிருக்கும். ஏர் அதைச் சுற்றி வளைந்துதான் போகும். அப்பிச்சி அதைப் பாண்டியன் குழி என்பார். "அது அவிங்க எடம், நாம சுத்தி உழுதுக்கலாம்." அவருடைய தொல்லியல் அவ்வளவுதான்.

1985-ல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கொடுமணலில் தோண்டிய பிறகுதான், பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருவது நம்ம ஊர் என்ற பேச்சே எங்கள் பக்கம் பரவியது. இரும்பு உருக்கியவர்கள், பச்சைக்கல்லிலும் படிகத்திலும் மணி செய்தவர்கள் இருந்த ஊர். 2,000 வருசத்துக்கு மேல் பழசு. பானை ஓட்டுச்சில்லில் தமிழ் பிராமியில் பெயர் கீறி வைத்திருக்கிறார்கள். செத்தவர்களுக்கு ஊரை ஒட்டியே தனிக் காடு. கல்வட்டத்துக்குள்ளே நாலு பக்கமும் பலகைக்கல் நிறுத்தி அறை கட்டி, ஒரு பலகையில் மட்டும் வட்டமாகத் துளை போட்டு, மேலே மூடுகல் வைத்திருப்பார்கள்.

எங்கள் களத்து ஓரத்தில் மாட்டுத் தண்ணித் தொட்டிக்குப் பக்கவாட்டில் நிற்கும் பலகையில் அந்தத் துளை பாதி இருக்கிறது! இது எப்படி வந்தது என்று அப்பிச்சியைக் கேட்டால், "எங்கப்பாரு காலத்துலயே இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு எருமையைப் பார்க்கப் போய்விடுவார். சுற்றி உழுதவர்கள்தான் கல்லையும் எடுத்து வந்திருக்கிறார்கள். உங்கள் பக்கத்துக் கதைகளையும் எழுதுங்கள்.

வலசுக்காரி:
எங்களுடையது அவ்வளவு பழசில்லைங்க. காங்கேயம் பக்கம், கொறங்காட்டு (மேய்ச்சல் காட்டு) மூலையில் எங்கள் அப்பாருடைய அப்பா சமாதி. சுற்றிலும் கிளுவை வேலி. பொங்கல் நோம்பிக்குச் சுண்ணாம்பு அடித்து, பழம் தேங்காயோடு ஒரு சுருட்டும் வைப்போம். மனுசன் சுருட்டுப் பிரியர்.

பாகம் பிரிக்கும்போது பத்திரம் எழுதுபவர் தானாகவே ஒரு வரி சேர்த்தார்: சமாதி இருக்கும் இரண்டு சென்டும், இட்டேரியிலிருந்து (வேலிகளுக்கு நடுவே போகும் பாதை) அதற்குப் போகும் ஆறடித் தடமும் பங்காளிகள் எல்லோருக்கும் பொது. அதற்கே பெரிய சண்டை. "ரெண்டு சென்டுக்கு எதுக்கு இத்தனை எழுத்து?" என்று சித்தப்பா குதித்தார். பின்னால் அவர் மகன் தன் பங்கை சைட் போடுகிறவர்களுக்கு விற்றபோது, அந்த ஒரு வரியால்தான் பொக்லைன் சமாதிப் பக்கம் வரவில்லை. மனை வரைபடத்தில் அந்த இடத்துக்குப் பச்சை அடித்துப் பூங்கா என்று போட்டிருக்கிறார்கள். சரி, பூங்காவாகவே இருக்கட்டும். பக்கத்து மனையில் வீடு கட்டி வந்தவர்தான் முதல் வருசம் சுருட்டைப் பார்த்துவிட்டு, யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று பயந்துபோனார்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நம்ம தோட்டம்தானே என்று இப்போது யாரும் நினைத்த இடத்தில் அடக்கம் செய்ய முடியாது. ஊராட்சி மயானங்களுக்கு 1999-ல் வந்த விதிகள் இருக்கின்றன, அனுமதி வாங்க வேண்டும்.

பள்ளத்தோரம்:
எல்லாவற்றையும் படித்தேன். தோட்டம் இருப்பவர்களுக்குத் தோட்டத்திலேயே இடம். எங்கள் வளவில் (குடியிருப்பில்) யாருக்கும் ஒரு சென்ட் கிடையாது. ஊருக்கு மயானம் தார்ரோட்டு மேல் இருக்கிறது, தகரக் கொட்டகை, தண்ணீர்க் குழாய் எல்லாம் உண்டு. எங்களுக்குத் தனியாகப் பள்ளத்துக்கு (ஓடைக்கு) அக்கரையில். உங்கள் பாட்டன்மாருக்குக் குழி வெட்டியது எங்கள் பாட்டன்மார்தான், அதையும் இந்த வரலாற்றில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கீழ்பவானி வாய்க்கால் வருவதற்கு முன்னால் அதெல்லாம் மானாவாரிக் காடு, எப்படி வேண்டுமானாலும் நடந்து போகலாம். ஐம்பதுகளில் வாய்க்கால் தண்ணீர் வந்த பிறகு ஒவ்வொரு அடிக்கும் விலை வந்துவிட்டது. மயானத்துத் தடம் கொஞ்சம் கொஞ்சமாக வயலுக்குள் போய், இன்றைக்கு வரப்புதான் மிச்சம். போன ஐப்பசியில் எங்கள் பெரியம்மா போனபோது அடைமழை. பாடைக்கு நாலு பேர் தோள் கொடுக்க வேண்டும், வரப்பிலோ ஒரு ஆள்தான் நடக்கலாம். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், மற்ற இரண்டு பேர் மஞ்சக்காட்டுச் சேற்றில் முழங்கால் வரை இறங்கித் தாங்கிக்கொண்டே போனோம். மோட்டார் ரூம் வாசலில் நின்ற தோட்டக்காரர் (நிலத்துக்குச் சொந்தக்காரர்), "பார்த்துப்பா, மஞ்சள மிதிச்சுப்போடாதீங்க" என்றார். கெட்ட மனுசன் என்று சொல்ல மாட்டேன். கேதத்துக்கு (சாவு வீட்டுக்கு) அரிசி மூட்டை கொடுத்தனுப்பினார்.

வடகரையான்:
நான் இதை யோசித்தே பார்க்கவில்லைங்க. பாண்டியன் குழியைச் சுற்றி உழுத எங்கள் ஊரிலும் வளவுக்காரர்கள் மயானத்துக்குத் தடம் கிடையாது.

பழைய கணக்கு:
கிராம நிர்வாகத்தில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். பள்ளத்தோரம், முதலில், எந்த நிலம் என்ன வகை என்று சொல்லும் அ-பதிவேட்டில் அந்தப் புல எண்ணுக்கு என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். மயானப் புறம்போக்கு என்று இருந்தால் இடம் தப்பித்தது. தடம் வேறு விசயம். இணையத்தில் கிடைக்கும் புலப்படத்தை (நில அளவைப் படத்தை) மட்டும் நம்ப வேண்டாம். எண்பதுகளில் முடிந்த, நில ஆவணங்களைப் புதுப்பித்த யூ.டி.ஆர். வேலைக்கு முந்தைய படத்துக்கு நகல் மனு போடுங்கள். வண்டிப்பாதை இருந்திருந்தால் அதில் புள்ளிக்கோடாக இருக்கும். கோடு இருந்தால், அளந்து கல் நடச் சொல்லித் தாசில்தாருக்கு எழுதுங்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஒரு மனுவும் கொடுத்து, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். தனி ஆளாகப் போகாமல் வளவில் பத்துப் பேர் கையெழுத்தோடு போங்கள்.

பள்ளத்தோரம்:
நகல் கிடைத்தது. பழைய படத்தில் புள்ளிக்கோடு பள்ளம் வரைக்கும் போகிறது, புதுப் படத்தில் இல்லை. மனு கொடுத்தாயிற்று. தோட்டக்காரரிடமும் படத்தைக் காட்டினோம். கண்ணாடி போட்டு ரொம்ப நேரம் பார்த்தார். அளக்க வரட்டும், ஆனால் மஞ்சள் வெட்டி முடியட்டும் என்கிறார். எங்கள் பக்கம் பெரியவர்கள் சரி என்கிறார்கள். இளவட்டங்கள் அதுவரைக்கும் எதற்குப் பொறுக்க வேண்டும் என்கிறார்கள். நானும் இளவட்டம் பக்கம்தான்.