முதல் திரைக்கு ஒரு சொல்: சுயமதிப்பீடா, தன்மதிப்பீடா, வேறா?

கூடலூரிலிருந்து

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

அரிவாள் செல் சோகை (சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளையும் பரம்பரை இரத்த நோய்) உள்ளவர்களுக்கான கைப்பேசிச் செயலியின் தமிழ்ச் சொற்கோப்பு, அதாவது திரையில் வரும் வரிகளின் கோப்பு, வெள்ளிக்கிழமை மாலைக்குள் போயாக வேண்டும். மற்ற வரிகள் முடிந்துவிட்டன. முதல் திரையின் தலைப்பு மட்டும் நிற்கிறது.

நோயாளி தினமும் காலையில் ஒருமுறை திறந்து நிரப்புவார். வலி 0 முதல் 10க்குள் எவ்வளவு, எந்த இடத்தில், காய்ச்சல் உண்டா, மூச்சு வாங்குகிறதா, நேற்று எத்தனை சொம்பு தண்ணீர் குடித்தார், இந்த நோய்க்கான ஹைட்ராக்ஸியூரியா மருந்து போட்டாயிற்றா. சிறுபிள்ளை என்றால் அம்மா இடப்பக்க விலாவுக்குக் கீழே தடவி, மண்ணீரல் தட்டுப்படுகிறதா, நேற்றைவிட இறங்கியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். காய்ச்சல் 101.3 டிகிரியைத் தொட்டாலோ, நெஞ்சுவலியோடு மூச்சுத் திணறினாலோ, ஒருபக்கக் கைகால் சோர்ந்தாலோ, மண்ணீரல் திடீரென்று பெருத்துப் பிள்ளை வெளுத்துப்போனாலோ மீதிக் கேள்விகள் வராது. 108 பொத்தான்தான் வரும்.

இந்த நிரப்பும் வேலைக்கு என்ன பெயர்? வரைவில் "சுயமதிப்பீடு" என்று இருக்கிறது. எனக்கு மனம் ஒப்பவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவருக்கும் புரிய வேண்டும், சின்னத் திரையில் பெரிய எழுத்தில் ஒரே வரியில் அடங்க வேண்டும். சொல்லித் தாருங்கள்.

குன்னூரிலிருந்து

அம்மா, "சுய" வடசொல். அதை விலக்கினால் "தன்மதிப்பீடு" என்று கை தானாகப் போகும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. தன் + மதிப்பீடு என்றும் பிரிக்கலாம், தன்மதிப்பு + ஈடு என்றும் பிரிக்கலாம். தன்மதிப்பு என்றால் தன்மானம். வலியில் துடிப்பவரிடம் அவருடைய தன்மானத்துக்கு அளவு கேட்பதுபோல் ஆகிவிடும்.

"ஈடு" இடு என்பதிலிருந்து முதனிலை நீண்டு வந்த தொழிற்பெயர். கெடு கேடு ஆனது போல, சுடு சூடு ஆனது போல. குறியீடு, அளவீடு, வெளியீடு எல்லாம் இந்த வகை. திருவாய்மொழி உரைக்கு ஈடு என்று பெயர் வந்த கதையையும் சொல்லலாம், அது நீளும்.

என் பரிந்துரை குறளிலிருந்து வருகிறது. "நோய்நாடி நோய்முதல் நாடி" என்பதில் மருத்துவர் நாடுகிறார். நோயாளி தானே நாடினால் தன் + நாடல் = தன்னாடல். தன்னலம் போன்ற புணர்ச்சிதான். நான்கு அசைக்குள் அடங்கும் நல்ல தமிழ்.

உதகையிலிருந்து

ஐயா, தன்னாடல் என்று திரையில் பார்த்ததும் நான் தன் + ஆடல் என்றுதான் படித்தேன். தனிக்குறிலை அடுத்த ஒற்று உயிர் வந்தால் இரட்டிக்கும் என்று நீங்கள்தான் இந்தக் குழுவில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு பிரிப்பும் ஒரே வடிவம். தானாக ஆடும் ஆட்டம் என்று எண்ணுவார்கள்.

இன்னொன்று. "தன்மதிப்பீடு" நம் கணக்கில் 7 எழுத்து. கணினியின் எழுத்துக் குறிமுறையான யுனிகோடில் அது 12 குறியீடு, அதைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 36 பைட்டு. அறிவிப்புத் தலைப்பை 30 பைட்டில் வெட்டும் ஒரு சேவையகத்தில் இது "தன்மதிப்பீ" என்று நின்றுவிடும். 8 எழுத்துக்குமேல் போகும் எந்தச் சொல்லும் பெரிய எழுத்துருவில் இரண்டாம் வரிக்கு இறங்கும். இறங்கினால் மேல் வரியின் உகரக் குறியும் கீழ் வரியின் இகரக் குறியும் ஒட்டிக்கொள்ளும். வரி இடைவெளியைத் தமிழுக்குத் தனியாகக் கூட்ட வேண்டும். பைட்டு எல்லையை நான் உயர்த்திவிடுகிறேன், அதற்காகச் சொல்லைக் குறுக்காதீர்கள்.

"சுய" எல்லாருக்கும் தெரிந்த சொல். சுயதொழில், சுயஉதவிக் குழு என்று தோட்டத்து லயன் வீடுகள்வரை போயிருக்கிறது. நான் சுயமதிப்பீட்டுக்கே கை தூக்குகிறேன்.

கோத்தகிரியிலிருந்து

"சுய", "தன்" சண்டையைக் கொஞ்சம் ஓரம் வைப்போம். எனக்கு உறுத்துவது "மதிப்பீடு". பள்ளிக்கூடத்தில் மதிப்பீடு என்றால் மதிப்பெண். பத்துக்குப் பத்து என்றால் கெட்டிக்காரப் பிள்ளை. அந்தப் பழக்கத்தோடு வலிக் கோட்டைக் கையில் கொடுத்தால் 10ஐ நல்லது என்று நினைத்து அழுத்துவார்கள், இல்லையேல் குறைத்துச் சொன்னால் பாராட்டு என்று 2ஐ அழுத்துவார்கள். இரண்டும் மருத்துவரைத் தவறான பக்கம் தள்ளும்.

எண்ணுக்குப் பதில் வலியைக் காட்டும் முகப்படங்களும் இதற்கு முழு மருந்தில்லை. அழும் முகத்தை "மனசு சரியில்லை" என்று வாசிப்பவர்கள் உண்டு. எண்ணுக்குக் கீழே வேலையை வையுங்கள்: 0 வலி இல்லை, நடுவில் "கொழுந்து பறிக்கப் போக முடியவில்லை, வீட்டு வேலை முடிகிறது", 10 "படுக்கையை விட்டு எழ முடியவில்லை". வலியின் வகைக்கு "குத்துது, கடுக்குது, குடையுது, இழுக்குது" போதும். "கடுப்பு" என்று பெயர்ச்சொல்லாகப் போடாதீர்கள், வயிற்றுக்கடுப்பு என்று போய்விடும்.

மனநிலைக் கேள்வியில் "கடந்த இரண்டு வாரத்தில் வருத்தமாக இருந்தீர்களா" என்று ஒரு வரி பார்த்தேன். இலங்கை வழக்கில் வருத்தம் என்றால் நோய். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப்பின் அங்கிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் கூடலூரிலும் இங்கும் நிறைய. அவர்களில் மூத்தவர் "ஆமாம்" என்று அழுத்தினால் எதற்கு ஆமாம்? "மனசு சோர்ந்து" என்று மாற்றுங்கள்.

குன்னூரிலிருந்து

கோத்தகிரி அம்மா சொன்ன "வருத்தம்" என்னைச் சும்மா இருக்க விடவில்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் இளிவரல் என்னும் இழிவுணர்வுக்கு நான்கு நிலைக்களன்: "மூப்பே பிணியே வருத்தம் மென்மை". பிணியும் வருத்தமும் அங்கே தனித்தனி. ஆனாலும் பக்கத்துப் பக்கத்தில். இலங்கை வழக்கு அந்த வேலியைத் தாண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

மெய்ப்பாடு என்பதே உள்ளே இருப்பது உடம்பில் தெரிவது. நோய்க்குறிக்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஏது? "மெய்ப்பாட்டுக் குறிப்பு" என்று வைத்தால் மதிப்பெண் வாடை போகும், தன்மானக் குழப்பமும் போகும். மெய் என்றால் உடம்பு, மெய் என்றால் உண்மை. உடம்பைப் பற்றி உண்மையைச் சொல் என்று இரண்டும் சேர்ந்து ஒலிக்கும். மெய்யறிதல் என்றும் எண்ணினேன். அது மெய்யுணர்தல் அதிகாரத்தின் பக்கம், துறவுக்குள் இழுத்துவிடும் என்பதால் விட்டேன்.

உதகையிலிருந்து

ஐயா, அழகான சொல். ஆனால் தமிழ் இலக்கியம் படித்தவருக்கு மெய்ப்பாடு என்றால் நகை, அழுகை, அச்சம் முதலான எட்டு. படிக்காதவருக்கு அது புதுச் சொல். இரண்டு பேருக்குமே "முழங்கால் குடையுது" என்பது நினைவுக்கு வராது.

கூடலூரிலிருந்து

எல்லாருக்கும் நன்றி. ஒரு இலக்கணக் கேள்வி, ஐயாவுக்குத்தான். "தான், தன்" படர்க்கை. திரையோ எதிரே இருப்பவரோடு பேசுகிறது, அது முன்னிலை. "உங்கள் உடம்பு" என்று கேட்டுவிட்டு மேலே "தன்" என்று தலைப்பிட்டால் வேறு யாரையோ பற்றிப் பேசுவதுபோல் இல்லையா?

நிரப்புவதும் எப்போதும் நோயாளி இல்லை. பிள்ளைக்கு அம்மா, மாமியாருக்கு மருமகள், சில வீடுகளில் கிராமச் செவிலியர். பணியர், முள்ளுக்குறும்பர் என்ற பழங்குடியினர் வீடுகளில் பெரியவர்களுக்குத் தமிழே இரண்டாம் மொழி. பள்ளிக்குப் போகும் பேரன் படித்துச் சொல்ல, பாட்டி பதில் சொல்வார். அங்கே தன்மதிப்பீடும் இல்லை, சுயமதிப்பீடும் இல்லை. 1952இல் அரிவாள் செல் இந்தியாவில் முதலில் அறியப்பட்டதே நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். அவர்களுக்காகச் செய்யும் செயலி அவர்கள் வாசலில் நின்று கேட்பதுபோல் கேட்க வேண்டாமா?

வாசலில் நாங்கள் கேட்பது ஒன்றே: "உடம்பு எப்படி இருக்கு?" அதையே தலைப்பாக்கலாம் என்று படுகிறது. "உடம்பு எப்படி?" எட்டே எழுத்து.

இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. ஆக்சிஜன் அளவி விரலில் மாட்டும் பகுதியில், அவரவருடைய வழக்கமான எண்ணை வலியில்லாத நாளில் பதிந்துகொள்ள வேண்டும். கூடலூர் உயரம் வேறு, 2240 மீட்டரில் உதகை வேறு. இரண்டு ஊருக்கும் ஒரே எண்ணை வைத்து மிரட்டக் கூடாது. குளிர்ந்த விரலில் எண் பொய்யாகக் குறையும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, மருதாணி இல்லாத விரலில் மாட்டி, எண் அசையாமல் நிற்கும்வரை அரை நிமிடமாவது பார்க்கச் சொல்லியிருக்கிறோம். அந்த வழக்க எண்ணுக்கு என்ன பெயர்?

குன்னூரிலிருந்து

படர்க்கை பற்றிச் சொன்னது சரி. நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியது அது. தற்காப்பு, தற்கொலை, தன்னலம் எல்லாம் ஒருவரைப் பற்றிப் பிறர் பேசும் சொற்கள். ஒருவரிடம் பேசும் சொற்கள் அல்ல.

வழக்க எண்ணுக்குக் குறளே சொல் தருகிறது. "உற்றான் அளவும் பிணியளவும் காலமும் கற்றான் கருதிச் செயல்." நோயுற்றவனின் அளவு ஒன்று, நோயின் அளவு ஒன்று, காலம் ஒன்று. நீங்கள் பதியச் சொல்வது மூன்றையும்தான். வழக்க எண் "உற்றாரளவு", வலி எண் "பிணியளவு", தேதி "காலம்". ஒருமையை மட்டும் பன்மையாக்கியிருக்கிறேன், மரியாதைக்காக.

கோத்தகிரியிலிருந்து

ஐயா, உற்றார் என்றால் இன்று உற்றார் உறவினர். "உங்கள் உற்றாரளவு என்ன" என்றால் வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்வார்கள். "வழக்க அளவு" என்று விடுங்கள். பிணியளவை மருத்துவர் பார்க்கும் அறிக்கையில் வைக்கலாம், அங்கே நன்றாக இருக்கும்.

"உடம்பு எப்படி?" எனக்குப் பிடித்திருக்கிறது. உதகைத் தம்பி, இதனால் நிரலில் சிக்கல் உண்டா?

உதகையிலிருந்து

திரையில் இல்லை அக்கா. மற்ற இடங்களில் உண்டு. கேள்வியைப் பெயர்ச்சொல்லாக வளைக்க முடியாது. "உடம்பு எப்படி அறிக்கை", "உடம்பு எப்படி முடிந்தது" என்று எழுத முடியுமா? பட்டியலில், அறிக்கையில், ஒப்புதல் படிவத்தில் ஒரு பெயர் வேண்டும். ஆங்கிலத்தில் ஒரே சொல் இருந்த இடத்தில் நிரலில் இரண்டு சாவி, அதாவது இரண்டு தனித் தமிழ்ச் சொல்லுக்கு இடம், வைக்கிறேன்: நோயாளி பார்க்கும் திரைக்கு ஒன்று, ஆவணத்துக்கு ஒன்று. யார் நிரப்புகிறார் என்று தொடக்கத்திலேயே ஒரு கேள்வி வைத்து, "நான்" என்றால் "உங்களுக்கு", "வேறொருவருக்காக" என்றால் "அவருக்கு" என்று எல்லாக் கேள்வியும் மாறும்படி செய்கிறேன். பிள்ளைக்கு "அவருக்கு" ஒட்டாது, "குழந்தைக்கு" என்று மூன்றாவதும் வேண்டும். ஆகவே ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று வரி. வெள்ளிக்குள் அதையும் தர முடியுமா?

கூடலூரிலிருந்து

தருகிறேன். வியாழன் இரவு அனுப்புகிறேன்.

திரையில் "உடம்பு எப்படி?" ஆவணத்தில் "தன்மதிப்பீடு", ஏனென்றால் வேறெந்தச் சொல்லுக்கும் நம்மிடையே ஒப்புதல் வரவில்லை. வலி எண்ணுக்கு அறிக்கையில் "பிணியளவு". விரல் அளவிக்கு "வழக்க அளவு".

குன்னூரிலிருந்து

ஒப்புகிறேன், ஆவணத்துச் சொல்லைத் தவிர. மருமகள் நிரப்பியதை மருத்துவர் "தன்மதிப்பீடு" என்று படித்தால், வலியைச் சொன்னது பாட்டி என்றே எடுத்துக்கொள்வார். வலியை ஒருவர் சொல்வதும் பக்கத்தில் நிற்பவர் ஊகிப்பதும் ஒன்றல்ல. "உடல்நிலைக் குறிப்பு" என்று போட்டு, பக்கத்தில் "சொன்னவர்" என்று ஒரு கட்டம் வையுங்கள். அடுத்த பதிப்பிலாவது.

உதகையிலிருந்து

"சொன்னவர்" கட்டத்தை இந்தப் பதிப்பிலேயே சேர்த்துவிட்டேன் ஐயா. தலைப்பு தன்மதிப்பீடாகவே போகிறது.