இன்க்ளூஷன் பாடி: ‘உள்ளடக்க உடல்’ வேண்டாமே

அன்பர்களுக்கு வணக்கம்.

செல்லுக்குள் திரண்டு நிற்கும் கட்டியான இன்க்ளூஷன் பாடியை (inclusion body) நம் கலைச்சொல் பட்டியலில் ‘உள்ளடக்க உடல்’ என்று எழுதிவருகிறோம். உள்ளடக்கம் என்றதும் புத்தகத்தின் பொருளடக்கம் நினைவுக்கு வருகிறது. உடல் என்றதும் உயிர் இருப்பதாகத் தோன்றுகிறது. அங்கே இருப்பதோ புரதக் கட்டி.

ஈ.கோலை பாக்டீரியாவை 37 டிகிரியில் வளர்த்து, தூண்டுபொருளான ஐபிடிஜியை 1 மில்லிமோலார் அளவில் ஊற்றி டி7 புரமோட்டரை (மரபணுவை இயக்கும் டி.என்.ஏ. பகுதி) முடுக்கினால், பல புரதங்கள் தமக்குரிய வடிவத்தில் மடிய அவகாசமின்றி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. செல்லை உடைத்து மையவிலக்கியில் சுழற்றிப் பாருங்கள்: மேலே தெளிவில் தேடிய புரதம் இராது, அடியில் சுண்ணாம்புபோல் வெள்ளையாக இறுகியிருக்கும். சோற்றைத் திரட்டினால் திரளை. ‘புரதத் திரளை’ என்போமா?

~~~

> ‘புரதத் திரளை’ என்போமா?

திரளை அருமை. ‘புரத’தான் இடிக்கிறது. வெறிநாய்க்கடி நோயில் நரம்புசெல்லுக்குள் தெரியும் நெக்ரி பாடியும் இன்க்ளூஷன் பாடிதான். அதில் வைரஸின் ஆர்.என்.ஏ.வும் உண்டு. ஆகவே ‘உள்ளே’ என்பது சொல்லில் வரவேண்டும். உள் + திரளை புணர்ந்தால் ‘உட்டிரளை’. திரளையே அடையாளம் தெரியாமல் போய்விடும். ‘அகத்திரளை’ தெளிவாக நிற்கிறது.

‘வீழ்படிவு’ என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள். அம்மோனியம் சல்பேட்டால் வீழ்படியும் புரதம் பெரும்பாலும் மடிப்புக் குலையாமல் இருக்கும். பஃபர் (அமில-காரநிலை மாறாமல் காக்கும் கரைசல்) ஊற்றினால் திரும்பக் கரையும். அகத்திரளையைக் கரைக்க வழக்கமாக, மடிப்பைக் குலைக்கும் 8 மோலார் யூரியாவோ 6 மோலார் குவானிடினோ வேண்டும். பிறகு மீள்மடிப்பு, அதாவது புரதத்தைச் சரியான வடிவத்துக்குத் திரும்ப மடியவைப்பது. செலவு ஏறுவது இங்கேதான்: மில்லிலிட்டருக்கு 0.1 மில்லிகிராம் அளவுக்கு நீர்க்கவைத்தால், 1 கிராம் புரதத்துக்கு 10 லிட்டர் பஃபர். செறிவைக் கூட்டினால் மறுபடி திரண்டுவிடும். அதனால்தான் பாக்டீரியாவை வளர்க்கும் வெப்பநிலையை 18 டிகிரிக்கு இறக்கி, ஐபிடிஜியை 0.1 மில்லிமோலாராகக் குறைத்து, கரையும் நிலையிலேயே எடுக்க முதலில் முயல்கிறார்கள்.

~~~

‘அகத்திரளை’ எனக்குச் சம்மதம். விளக்கத்தில் ‘கழிவு’, ‘செயலற்ற’ என்ற சொற்கள் வேண்டாம். திரளைக்குள் இருக்கும் புரதத்தை, புரதம் வெட்டும் நொதியான புரோட்டியேஸ் எளிதில் அரிக்காது. சுழற்றி, டிரைட்டன் என்ற சோப்புபோன்ற பொருள் கலந்த பஃபரில் கழுவினாலே பெருமளவு தூய்மை கிடைக்கும். மனித இன்சுலினை ஈ.கோலையில் இந்த வழியாகவும் எடுக்கிறார்கள். சில நொதிகள் திரளைக்குள்ளும் வேலை செய்கின்றன.

பட்டியலுக்கு என் வரைவு:

அகத்திரளை (பெயர்): செல்லுக்குள் புரதம் முதலியவை செறிந்து உருவாகும் திரளை. பாக்டீரியாவில், மிகையாக உற்பத்தியாகும் புரதம் சரியாக மடியாமல் ஒட்டிச் சேர்வது.

புரதம் தவறாக மடிவதைக் குறிக்கும் ‘மிஸ்ஃபோல்டிங்’ இன்னும் பாக்கி. ‘பிறழ்மடிப்பு’ என்று போட்டுவைக்கிறேன். மாற்றுச் சொல் இருந்தால் எழுதுங்கள்.