மெக்கெய்ன் முன்விடுதலையை மறுத்தது வீரமா, வீம்பா?

வெட்டிப்பேச்சு: வியட்நாம் போரில், 1967 அக்டோபர் 26-ல் வட வியட்நாம் தலைநகர் ஹனோய் மேல் குண்டு போடப் போன அமெரிக்கக் கடற்படை விமானி ஜான் மெக்கெய்ன், ஏவுகணை அடித்து ஏரியில் விழுந்து பிடிபட்டார். இரண்டு கையும் ஒரு காலும் முறிவு. அடுத்த வருஷம், அப்பா பசிபிக் படைகளுக்கே தளபதியாகும் சமயத்தில், பிடித்து வைத்தவர்களே "வீட்டுக்குப் போ" என்றார்கள். மறுத்தார். அப்புறம் சில நாள் விடாமல் அடித்து, 'நான் குற்றவாளி' என்று எழுதியும் வாங்கிவிட்டார்கள். போயிருந்தால் என்ன குடி முழுகியிருக்கும்?

மாலுமி: உள்ளே கைதிகள் வைத்திருந்த கட்டுப்பாடு ஒன்று உண்டு. நோயாளிகள், படுகாயம் பட்டவர்கள் முதலில். மற்றவர்கள் பிடிபட்ட வரிசைப்படி. அல்வாரெஸ் என்ற விமானி 1964 ஆகஸ்ட் 5 முதல் உள்ளே கிடக்கிறார். அட்மிரல் மகன் அவரை முந்திக்கொண்டு போனால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்?

வெட்டிப்பேச்சு: கையைத் தூக்க முடியாதவர் படுகாயம் இல்லையா? உங்கள் விதிப்படியே போயிருக்கலாமே.

மாலுமி: போயிருக்கலாம்தான். ஆனால் அவர்கள் காயத்தைப் பார்த்தா கூப்பிட்டார்கள்? அப்பா பெயரைப் பார்த்துக் கூப்பிட்டார்கள். தனித்தனி அறையில் அடைத்திருந்தும் சுவரைத் தட்டித்தான் இவர்கள் ஒன்றாக இருந்தார்கள். ஐந்துக்கு ஐந்து கட்டத்தில் எழுத்துகள். முதல் தட்டு வரிசைக்கு, அடுத்தது அந்த வரிசையில் எத்தனையாவது என்பதற்கு. அட்மிரல் மகன் கிளம்பிவிட்டான் என்ற செய்தியும் அதே சுவர் வழியாகத்தான் போயிருக்கும்.

தேநீர்க்கடை: குண்டு விழுந்த ஊர்க்காரனிடமும் கேளுங்கள். போர் அறிவிக்காமல் வந்து குண்டு போட்டவர்கள் குற்றவாளிகள் என்பதுதான் ஹனோயின் வாதம்.

மாலுமி: குண்டு போட்டதை நானும் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அறிவிக்காத போருக்கும் 1949 ஜெனீவா ஒப்பந்தம் பொருந்தும். வட வியட்நாமும் அதில் சேர்ந்த நாடுதான்.

வெட்டிப்பேச்சு: சரி, இன்னொரு கைதி ஹெக்டால் 1969-ல் முன்கூட்டியே வெளியே வந்தாரே, அவர் மட்டும் துரோகி இல்லையா?

மாலுமி: அவர் விமானியே இல்லை, கப்பலிலிருந்து தவறி விழுந்த மாலுமிப் பையன். ஒன்றும் தெரியாத மக்கு மாதிரி நடித்தபடியே சுமார் 250 கைதிகளின் பெயர்களை மனப்பாடம் செய்தார். போய்ச் சொல் என்று மேலதிகாரியே உத்தரவு போட்டு அனுப்பினார். இரண்டும் ஒன்றா?

வெட்டிப்பேச்சு: அடிபட்டுக் கையெழுத்தும் போட்டு, கூடவே ஐந்து வருஷம் சிறை. இன்னமும் வீம்பு என்றுதான் சொல்வேன்.

மாலுமி: சொல்லுங்கள். 1973 பிப்ரவரி 12-ல் முதல் குழுவோடு அல்வாரெஸ் கிளம்பினார். மெக்கெய்ன் முறை மார்ச் 14-ல்தான் வந்தது.